கழற்றக்கூடிய சட்டம்

1

சென்ற வாரம் என் மகள் அபி பல்கலைக்கழக விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அப்பா, உங்கட வேலை என்னெண்டு போட?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாததல்ல. கணினி கொடுத்த பட்டியலில் நான் இல்லை என்பதுதான் பிரச்சினை. விமானி இருந்தார், மிருக வைத்தியர் இருந்தார், மீன்பிடிப்பவர்கூட இருந்தார். யன்னல் துடைப்பவர் இல்லை. மேலும் கீழும் தேடிவிட்டு, 'ஏனைய எளிய தொழில்கள்' என்ற வரியில் என்னை ஏற்றிவிட்டாள். கோபம் அவளுக்குத்தான் வந்தது. எனக்கு அந்த 'எளிய' என்ற சொல்லில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அடுத்த மாதத்தோடு நான் இந்த வேலைக்கு வந்து ஐந்து வருடம். ஊரிலிருந்து யாராவது போனில் கேட்டால் "சொந்த பிஸ்னஸ்" என்று சொல்வது எங்கள் ஆட்களின் வழக்கம். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். பொய்யில்லை. வான் என்னுடையது, ஏணி என்னுடையது, வாளியும் துணியும் என்னுடையவை. ஆனால் அந்தப் பதிலோடு கதை முடிந்துவிடும். கேட்டவர் அடுத்து மழையைப் பற்றிக் கேட்பார். அதனால் இந்த வேலையில் நான் கண்ட ஒன்றை இதுவரை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் லண்டனுக்கு நேரே வந்தவர்கள் அல்ல. ஜெர்மனியில் பதினாறு வருடம் இருந்தோம். நான் ஓர் உணவகத்தின் குசினியில் சட்டி கழுவினேன். மாலதியை அங்கே கூப்பிட்டுத்தான் கலியாணம் செய்தேன். அபி அங்கேதான் பிறந்தாள். ஜெர்மன் பாஸ்போட் கைக்கு வந்த அடுத்த வருடமே, வேறு பல தமிழரைப் போல நாங்களும் பெட்டி கட்டினோம். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்பது வெளியே சொன்ன காரணம். கடைக்குப் போனால் தமிழில் கதைக்கலாம் என்பது எங்களுக்குள் வைத்திருந்த காரணம். மாலதியின் தமையன் ஹவுன்ஸ்லோவில் இருந்தார். அவர் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே எங்களுக்கும் இடம் கிடைத்தது.

வங்கியில் கணக்குத் திறக்கப் போனால், முகவரிக்கு அத்தாட்சியாக மின்சார பில் கொண்டு வா என்றார்கள். மின்சாரக் கம்பனியில், பில்லை உன் பெயருக்கு மாற்ற வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது கிழமை நடந்தேன். கடைசியில் ஒருநாள் வங்கியில் வேறொரு பெண் இருந்தாள். என் ஜெர்மன் பாஸ்போட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பில்லைக் கேட்கவே மறந்துபோய்க் கணக்கைத் திறந்துவிட்டாள்.

மொழி இன்னொரு தொல்லை. எனக்கு ஆங்கிலம் ஜெர்மன் வழியாகத்தான் வாய்க்கு வரும். ஜெர்மனில் 'பெகொமன்' என்றால் பெற்றுக்கொள்வது. ஆங்கிலத்தில் 'பிகம்' என்பதும் அதுதான் என்று நீண்டநாள் நம்பியிருந்தேன். வேலை தொடங்கிய முதல் குளிர்காலம், கை விறைத்துப்போய் ஒரு வீட்டு அம்மாவிடம் மிகவும் மரியாதையாக, "நான் ஒரு தேத்தண்ணீர் ஆகலாமா?" என்று கேட்டேன். அந்த மனுசி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சீனி போட்டா, போடாமலா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அபி தரையில் உருண்டு சிரித்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த நாட்டுப் பிள்ளையாக மாறிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போவதை அந்த வருடம்தான் நிறுத்தினாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் வரும். காய்ச்சல் வந்தால் மட்டும் ஜெர்மனில் புலம்புவாள்.

3

லண்டனின் வடக்கே உள்ள ஹைகேற் மலை எனக்குப் புதிதல்ல. ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி முருகன் கோயிலுக்கு எத்தனையோ தரம் ஏறியிருக்கிறேன். ஏறுவேன், கும்பிடுவேன், இறங்குவேன். கோயிலைத் தாண்டி மேலே போனதில்லை.

இரண்டாயிரத்து நாலில் அந்தப் பக்கத்திலிருந்து ரூத் என்ற பெண் போன் எடுத்தாள். தன் பெரியம்மா மிசிஸ் பெல்லமிக்கு எண்பத்து நாலு வயது, வீட்டின் முன்பக்கத்தில் ஒன்பது யன்னல், ஒவ்வொன்றிலும் உட்பக்கமாக மரக் கட்டங்கள் பொருத்தியிருக்கிறது என்றாள். முன்பு வந்த இருவர் ஆளுக்கொன்றை உடைத்துவிட்டார்களாம். மூன்றாவது ஆள் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டானாம். மென்மையாகக் கையாள முடிந்தால் மட்டும் வா என்றாள்.

அதை அவர்கள் 'கிறில்' என்றார்கள். எங்கள் ஊரில் கிறில் என்றால் கள்ளன் வராமல் தடுக்கிற இரும்பு. இது ஓர் ஈயைக்கூடத் தடுக்காது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத மரச் சலாகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, பெரிய கண்ணாடி ஒன்றை இருபத்து நாலு சின்னக் கண்ணாடிபோலக் காட்டுகிற சட்டம். அந்தத் தெரு பழைய தெரு. எல்லா வீடுகளும் பழையபடியே தோன்ற வேண்டும் என்பது கவுன்சிலின், அதாவது உள்ளூர் நகரசபையின், கட்டளை. வெகுகாலத்துக்கு முன் அந்த வீட்டில் இருந்த யாரோ சின்னக் கண்ணாடிகளை எடுத்துவிட்டுப் பெரிய கண்ணாடிகள் போட்டுவிட்டார்கள். கவுன்சில் கண்டுபிடித்துத் தகராறு செய்தது. முடிவில், உள்ளேயிருந்து இந்தச் சட்டங்களை மாட்டிவைப்பது என்று இரண்டு பகுதிக்கும் சமாதானம் ஆகியிருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

துடைக்க வேண்டுமென்றால் அவற்றைக் கழற்ற வேண்டும். சட்டத்தின் ஓரத்தில் ஆறு சின்ன ஊசிகள். அவை யன்னல் மரத்திலுள்ள துளைகளில் இருக்கும். சலாகையின் நடுவில் இரண்டு விரலால் அழுத்தி, ஒரு நூல் அளவு வளைத்தால் ஓரத்து ஊசி வெளியே வரும். ஒன்று வந்த பிறகுதான் அடுத்தது. இரண்டு சலாகைகள் சந்திக்கிற மூலையைப் பிடித்து இழுத்தால் போச்சு. கழற்றியதைச் சுவரில் சாய்க்கக் கூடாது, தன் பாரத்திலேயே கோணிவிடும். கம்பளி விரித்துப் படுக்க வைக்க வேண்டும். தண்ணீர் படக் கூடாது, தூரிகையால் தூசி தட்ட வேண்டும். ஒரு யன்னலின் சட்டம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதனால் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் இலக்கம் போட்டேன். முதல் நாள் ஒன்பதையும் கழற்றிப் பூட்ட அரைநாளுக்கு மேல் எடுத்தது. என் மூச்சுச் சத்தமே எனக்குக் கேட்டது. பிறந்த பிள்ளையை முதன்முதல் கையில் வாங்கியபோது இருந்த பயத்துக்குப் பிறகு, அவ்வளவு கவனமாக என் கைகள் எதையும் தூக்கியதில்லை.

எட்டாவது யன்னல் மேல்மாடியில், மிசிஸ் பெல்லமியின் படுக்கையறையில். இரண்டு வருடத்துக்கு முன் விழுந்து இடுப்பு முறிந்தவர். இனி எழுந்து நடக்கமாட்டார் என்று வைத்தியர்கள் சொல்லியிருந்தார்கள். கட்டிலை யன்னலுக்கு நேரே போட்டு, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். நான் சட்டத்தைக் கழற்றி, கம்பளியில் படுக்க வைத்து, கண்ணாடியைத் துடைத்தேன். ரப்பர் வாரியை மேலிருந்து கீழே ஒரே இழுவையாக இழுத்தபோது சோப்புத் தண்ணீர் திரைபோல வழிந்து இறங்கியது. அந்தக் கணத்தில்தான் வெளியே இருப்பதைப் பார்த்தேன்.

லண்டன் முழுவதும் அங்கே கிடந்தது.

அந்த வீடு மலையின் தெற்குச் சரிவில் இருந்தது. கீழே மரங்கள், மரங்களுக்குக் கீழே கூரைகள், கூரைகளுக்கு அப்பால் பெரிய தேவாலயத்தின் குவிமாடம், ஆற்றங்கரைச் சக்கரம், கோபுரங்கள், அதற்கும் அப்பால் நீலமாக இன்னொரு மலைத்தொடர். நான் இரண்டு வருடமாக இந்த நகரத்தில் இருந்தேன். நிலத்தடி ரயிலில் ஒரு துளைக்குள் இறங்கி இன்னொரு துளையால் ஏறி, தெருத் தெருவாக, கண்ணாடி கண்ணாடியாக இதை அறிந்திருந்தேன். இது ஒரே துண்டாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இவ்வளவு பெரிய ஒன்றின்மேல் இவ்வளவு வெளிச்சம் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கிறது, அதற்குள்ளே நான் வான் நிறுத்த இடம் தேடி அலைந்திருக்கிறேன். கையில் வாரியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

சட்டத்தை எடுக்கக் குனிந்தபோது மிசிஸ் பெல்லமி சொன்னார், "அதை உடனே போடாதீர்கள். பத்து நிமிடம் இருக்கட்டும்."

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார், "இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

பதினாறு வருட ஜெர்மனியிலும் இரண்டு வருட லண்டனிலும், நீ எங்கிருந்து வருகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. இதில் எங்கே இருக்கிறாய் என்று என்னைக் கேட்ட முதல் மனுசி அவர்தான். கிழக்கேயிருந்து விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து, நகரத்துக்கு மேலால் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தன. அவை இறங்குகிற இடத்தில் என்று காட்டினேன். என் மனைவி ஹீத்ரோவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறாள் என்றும் சொன்னேன்.

அவர் இரண்டு விமானம் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் இவர்கள் எல்லோருக்கும் சாப்பாடு போட்டது உங்கள் மனைவிதான்," என்றார்.

4

ஆறு கிழமைக்கு ஒருதரம் போவேன். எட்டாவது யன்னலில் பத்து நிமிடம் என்பது எழுதாத ஒப்பந்தமாகிவிட்டது. அவர் புவியியல் ஆசிரியையாக இருந்தவர். தான் படிப்பித்த பள்ளிக்கூடம் எந்தக் கூரைக்குப் பின்னால் என்று ஒருமுறை காட்டினார். நான் வேலை செய்கிற தெருக்களை அவருக்குக் காட்டினேன். அதிகம் கதைத்ததில்லை. பத்து நிமிடம் முடிந்ததும் நான் சட்டத்தை மாட்டுவேன், நகரம் மறுபடி இருபத்து நாலு துண்டாகும். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணை மூடிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறு மாசி மாதம், கடும் குளிர். அறையில் ஹீட்டர் இரவுபகலாக எரிந்ததில் மரம் காய்ந்து போயிருந்தது. எட்டாவது யன்னலில் ஓர் ஊசி இறுகிக்கொண்டது. வழக்கமான அளவுதான் வளைத்தேன். முருங்கைக்காய் முறிகிற சத்தம் கேட்டது. இரண்டு சலாகைகள் சந்திப்பில் பிளந்து, ஒரு துண்டு என் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

யன்னல் கண்ணாடியின் ஒரு கட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'பெயின்' என்று பெயர் என்பதை அப்போதுதான் கற்றிருந்தேன். நோவுக்கும் உச்சரிப்பு அதேதான் என்பது பதற்றத்தில் நினைவில்லை. திரும்பி நின்று, "மிசிஸ் பெல்லமி, நான் உங்கள் பெயினை முறித்துவிட்டேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எந்த வைத்தியராலும் முடியாததை நீங்கள் செய்திருக்கிறீர்கள்," என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. புதிதாக ஒன்று செய்து தருகிறேன், என் பிழைதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தி, மற்ற எட்டையும் மாட்டிவிட்டு இதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். ரூத் மேலே வந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். கவுன்சில் கண்டால் சும்மா இராது என்றாள். "வரட்டும்," என்றார் பெரியம்மா.

உடைந்த சட்டத்தைக் கம்பளியில் சுற்றி வானில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழி முழுக்க என் மனதில் இருந்தது அந்தச் சத்தம்தான்.

5

ஐந்து கிழமை கழித்து ரூத் போன் எடுத்தாள். தெருவில் யாரோ முறையிட்டு, கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒரு வீட்டின் முகப்பை அனுமதி இல்லாமல் மாற்றியதாகக் குற்றம். சட்டம் தற்செயலாக உடைந்தது என்று நான் எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். அதிகாரி வரும் நாளில் நேரிலும் வர வேண்டும்.

முத்திரையோடு வருகிற கடிதம் என்றால் எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்காது. ஞாயிறு காலமை மேசையில் மூவரும் இருந்தோம்.

"நீங்கள் ஒண்டிலயும் கையெழுத்து வைக்காதேங்கோ," என்றாள் மாலதி. "உங்கட பேர் ஏன் கவுன்சிலுக்குப் போக வேணும்? அவையின்ர வீடு, அவை பாக்கட்டும்."

நான் வைக்காமல் விட முடியாது என்று எனக்குத் தெரியும். உடைத்தது என் கை. ஒரு தாளில் தமிழில் எழுதி அபியிடம் கொடுத்து, ஆங்கிலத்தில் ஆக்கித் தரச் சொன்னேன். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மேன்மை தங்கிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தை, தயவுகூர்ந்து பெரிய மனதோடு மன்னித்தருளுமாறு. அப்படித்தான் நான் எழுதியிருந்தேன். எனக்குத் தெரிந்த அரசாங்கக் கடிதம் எல்லாமே அப்படித்தான் இருக்கும்.

"அப்பா, நீங்கள் ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்?"

"அது அரசாங்கம், பிள்ளை."

"ஸோ? தடி காஞ்சுபோச்சு, முறிஞ்சது. அவ்வளவுதானே. கெஞ்ச வேண்டிய தேவை இல்லை."

கெஞ்ச என்ற சொல்லை அவள் எங்கே பிடித்தாளோ தெரியாது. நாங்கள்தான் அடிக்கடி பாவித்திருப்போம். கணினியில் நாலு வரி அடித்தாள். இன்ன நாள், இன்ன யன்னல், மரம் உலர்ந்திருந்ததால் கழற்றும்போது உடைந்தது, திருத்த முடியும். கீழே என் பெயர். எனக்கு அது முகத்தில் அறைவதுபோல இருந்தது. ஒரு 'தயவுசெய்து' ஆவது போடு என்று கேட்டேன். எங்கே போட என்று கேட்டாள். நாலு வரியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போட இடம் இல்லை.

இந்தப் பிள்ளை எங்களை விட்டுத் தூரப் போகிறது என்று அதுவரை கவலைப்பட்டுக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் காலமை, அவள் போய்ச் சேர்ந்த இடத்தைக் கொஞ்சம் பார்த்தேன். அங்கே முதுகு வளையாமல் நிற்கலாம் போலிருந்தது. கையெழுத்து வைத்தேன்.

அதிகாரி வந்தது ஒரு வியாழக்கிழமை முற்பகல். டேனியல்ஸ் என்ற இளைஞர், முப்பது வயதுகூட இராது. தெருவில் நின்று படம் எடுத்தார், பிறகு மேலே வந்தார். வானில் கொண்டு வந்திருந்த உடைந்த சட்டத்தைக் காட்டினேன். இதை மாட்டுவது எப்படி என்று கேட்டார். பக்கத்து யன்னலின் சட்டத்தைக் கழற்றி, திரும்ப மாட்டிக் காட்டினேன். மூன்று நிமிடம் ஆகவில்லை. தானும் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். விரலை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு வளைக்கலாம் என்று சொன்னேன். ஊசி வெளியே வரும்வரை அவர் மூச்சு விடவில்லை. அரசாங்கம் என் சொல்லைக் கேட்டு விரல் வைத்ததை நான் கண்டது அதுதான் முதல்தரம்.

பிறகு அவர் கட்டில் பக்கம் திரும்பி, இந்தச் சட்டங்கள் இருக்க வேண்டும் என்பது வீட்டுக்குப் போடப்பட்ட நிபந்தனை, அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்று மரியாதையாக விளக்கினார். தமிழில் எழுதும்போது எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. யன்னலில் இருப்பதும் சட்டம், கவுன்சிலில் இருப்பதும் சட்டம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரோரம் நின்று வேர்த்துக்கொண்டிருந்தேன்.

மிசிஸ் பெல்லமி குரலை உயர்த்தவில்லை. "தெருவில் போகிறவர்கள் என் யன்னலை எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? கடந்து போகிற நேரம். நான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். எனக்கு இனி இருக்கிற இடம் இது ஒன்றுதான்."

டேனியல்ஸ் தனக்கு அது புரிகிறது என்றும், ஆனால் என்றும் தொடங்கினார்.

"மாற்றச் சொல்லவில்லை," என்றார் மிசிஸ் பெல்லமி. "உட்கார்ந்து பாருங்கள்."

கட்டிலுக்குப் பக்கத்தில் ரூத் வழக்கமாக இருக்கும் கதிரை. டேனியல்ஸ் அதில் உட்கார்ந்தார். காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அப்படியான நாட்களில் அந்த யன்னலில் தூரம் என்பதே இராது, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கூரைகளையும் எண்ணலாம். ஒரு முகில் நகரத்தின்மேல் நகர, அதன் நிழல் குவிமாடத்தில் ஏறி இறங்கித் தெற்கே போனது. அவர் கையிலிருந்த பேனையைச் சட்டைப்பைக்குள் வைத்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ஒரு கிழவியும், ஓர் அதிகாரியும், யன்னல் துடைக்கிறவனும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குள் யார் பெரிது என்ற எண்ணமே அந்த அறையில் இல்லை.

எழுந்தபோது, கடிதம் அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னார்.

6

கடிதத்தின் பிரதி ஒன்று எனக்கும் வந்தது. உடைத்தவன், திருத்தப் பொறுப்பேற்றவன் என்ற முறையில். அபி பிரித்து வாசித்தாள். சட்டம் கழற்றக்கூடிய ஒன்று என்பதும், அது திருத்த வேலைக்காகவே அகற்றப்பட்டிருக்கிறது என்பதும் கவனத்தில் எடுக்கப்பட்டது. வேலை முடிந்ததும் அது மீண்டும் பொருத்தப்பட வேண்டும். பொருத்தியதும் எமக்கு அறியத் தரவும்.

தாளைத் திருப்பிப் பார்த்தாள். "எந்த நாளுக்கிடையில எண்டு இல்லை. டேட் போட மறந்திட்டினம்."

நான் வாங்கிப் பார்த்தேன். மேலே கடிதம் எழுதிய திகதி மட்டும் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

அவர்கள் மறக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரிந்த அளவு அபிக்குத் தெரிய நியாயமில்லை. ஜெர்மனியில் முதல் ஆறு வருடம் எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருதரம் ஒரு தாளில் முத்திரை குத்துவார்கள். இந்தத் திகதி வரை இருக்கலாம். அந்தத் திகதிக்கு முன்னால் விடிய எழும்பி வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த மூன்று மாதம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். சப்பாத்து வாங்கும்போதுகூட, தேய்கிற அளவுக்கு இங்கே இருப்பேனா என்று யோசிக்கிற வாழ்க்கை. அரசாங்கத்தின் கையில் இருக்கிற மிகப் பெரிய சாமான் திகதிதான் என்று நான் படித்திருந்தேன். ஓர் அதிகாரி அதை எடுத்து, போட வேண்டிய இடத்தில் போடாமல், பேசாமல் இருந்திருக்கிறார். கடிதத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். அபி, "ஆர் யூ ஓகே, அப்பா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

சட்டத்தைத் திருத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டிலில் வைத்து, பிளந்த இடத்தைச் சுரண்டி, அதே பருமனில் சலாகை சீவி, பசை போட்டு இறுக்கி, வெள்ளை பூசினேன். பிறகு படுக்கை விரிப்பில் சுற்றி, எங்கள் அலுமாரிக்கு மேலே படுக்க வைத்தேன். "முடிஞ்சுதே?" என்று கேட்டாள் மாலதி. இன்னும் இல்லை என்றேன். விரிப்பையும் என்னையும் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அலுமாரி தூசி தட்டும்போது அதை மட்டும் மெதுவாகத் தூக்கித் தட்டிவிட்டு, வைத்த மாதிரியே வைப்பாள்.

கடிதம் வந்த பிறகு மிசிஸ் பெல்லமி அந்தத் திறந்த யன்னலோடு ஒரு வருடமும் நாலு மாதமும் இருந்தார். நான் போகும்போதெல்லாம் எனக்குச் சொல்ல ஏதாவது வைத்திருப்பார். பனிப்புகார் நகரத்தை மூடி, கோபுர நுனிகள் மட்டும் தீவுகள்போல நின்றதைச் சொன்னார். புதிதாக எழும்புகிற ஒரு கட்டடத்தின் பாரந்தூக்கி ஒவ்வொரு நாளும் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது அவருக்குத் தெரியும். ஒருமுறை கோயிலுக்குப் போன வழியில் மாலதியையும் கூட்டிக்கொண்டு போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். யன்னலே இல்லாத மண்டபத்தில் வருடக்கணக்காகத் தட்டு அடுக்குகிறவள். "இவ்வளவு பெரிசே இஞ்சாருங்கோ," என்றாள், கோயிலுக்குள் கதைக்கிற குரலில். மிசிஸ் பெல்லமிக்கு மொழி விளங்கியிராது. ஆனாலும் தலையை ஆட்டினார்.

7

இந்த வருடம் ஆவணி மாதம் ரூத் போன் எடுத்தாள். பெரியம்மா செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணீர் குடித்துவிட்டு, யன்னலைப் பார்த்தபடி போய்விட்டார் என்றாள். வீடு இனி விற்கப்படும், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், சட்டத்தை மாட்ட முடியுமா என்று தயங்கிக் கேட்டாள்.

செத்தவீடு முடிந்த மறுநாள் போனேன். கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். கம்பளத்தில் அதன் நாலு கால்களின் தடம் மட்டும் இருந்தது. கண்ணாடியை இரண்டு தரம் துடைத்தேன். பத்து நிமிடம் நின்றேன். பிறகு மேல் ஊசியை முதலில் வைத்து, விரலால் வளைத்து, ஆறையும் ஒவ்வொன்றாக உட்கார வைத்தேன். ரூத் வாசலில் நின்று அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும், கவுன்சிலுக்குத் தான் போன் எடுக்கிறேன் என்றாள் அபி. அரசாங்கத்துக்கு எடுக்கிற போன் எல்லாம் இத்தனை வருடமும் அவள்தான் எடுப்பாள், என் பெயரைத் தன் வாயால் எழுத்தெழுத்தாகச் சொல்லி. வேண்டாம், நான் எடுக்கிறன் என்றேன். அவள் போகாமல் பக்கத்தில் நின்றாள்.

இரண்டு இடத்துக்கு மாற்றினார்கள், வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். கடைசியில் டேனியல்ஸ் வந்தார். இன்ன தெரு, இன்ன வீடு, எட்டாவது யன்னலின் சட்டம் இன்று மீண்டும் பொருத்தப்பட்டது, அறியத் தருகிறேன் என்றேன்.

"எப்போது?" என்று கேட்டார்.

"இன்று காலை."

"நான் மிசிஸ் பெல்லமியைப் பற்றிக் கேட்டேன்."

"போன கிழமை, செவ்வாய்க்கிழமை," என்றேன்.

அவர் வருத்தம் சொன்னார். பிறகு, கோப்பை மூடுவதற்குச் சில விபரம் வேண்டும் என்றார். திருத்தியது யார் என்று கேட்டார். நான் என்றேன். திருத்த எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டார்.

ஒரு வருடம் நாலு மாதம் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் அந்தக் கேள்விக்குப் பொருத்தமான பதில். ஆனால் இந்த மனுசனுக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்றேன். போன வருடம் சித்திரையிலேயே முடிந்துவிட்டது என்றும் சொன்னேன்.

அபி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனில் அவர் கணினியில் தட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது, அவசரமில்லாமல்.

"நுட்பமான வேலை," என்றார் டேனியல்ஸ். "நேரம் எடுத்திருக்கும்."